முள்ளுக்காட்டில் இறக்கிய எல்லைக் கல்

வெகு காலத்துக்கு முன்னால் வேம்பநாட்டைச் செங்கோடராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். கோபம் வந்தால் ஆளின் தலையை எடுக்கச் சொல்வான். சிரிப்பு வந்தால் அதே ஆளைத் தூக்கிவைத்து ஆடுவான். எது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுடைய அவையில் அம்பலத்தரையர் என்று ஒருவர் இருந்தார். தலைநகரைச் சுற்றியுள்ள மலைச்சீமைக்குத் தலைவர். முதல் வரிசையில் உட்கார்ந்து மந்திரி சாத்தப்பனின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. அந்த விரலில் முத்திரை மோதிரம் கிடந்தது. சாத்தப்பனோ ஒரு காலத்தில் உப்பு வண்டி ஓட்டியவன். 'மாட்டு வாலை முறுக்கிய கையில் மோதிரமா!' என்று நினைக்கும்போதெல்லாம் அரையருக்கு வயிறு எரியும். மோர் குடித்துப் பார்த்தார், வைத்தியரையும் பார்த்தார். அடங்குகிற எரிச்சலா அது?

ஒரு சித்திரையில் ராஜாவுக்கு நுங்கின் மேல் ஆசை வந்தது. கடற்சீமையிலிருந்து குலை குலையாக ஏற்றி அனுப்பினார்கள். வந்து சேரப் பன்னிரண்டு நாள். ராஜா ஒன்றைக் கடித்தான்; பல் ஆடிப்போயிற்று.

"கல்லைக் கொண்டுவந்து நுங்கு என்கிறாயா?" என்று கத்தினான்.

வண்டிக்காரன் காலில் விழுந்தான். "மகாராஜா, அஞ்சு சீமையிலயும் நல்ல பாதை இருக்குங்க. ஆனா ஒரு சீமைக்கும் அடுத்த சீமைக்கும் நடுவுல யாருக்கும் சொந்தமில்லாத முள்ளுக்காடு. அங்க பாதை அறுந்துபோவுது. சரக்கை இறக்கி, தலைச்சுமையாத் தூக்கி, அந்தப் பக்கம் வேற வண்டி புடிக்கணும். நாலு காட்டுலயும் இதே கதைதாங்க."

"ஏன் ஒருவரும் அங்கே பாதை போடவில்லை?"

"அவன் முதலில் போடட்டும் என்று ஐந்து தலைவர்களும் காத்திருக்கிறார்கள், அரசே" என்றான் சாத்தப்பன். "தான் போட்ட பாதையில் பக்கத்துச் சீமைக்காரன் வண்டி ஓடினால் மனசு தாங்காதாம்."

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அரையர் எழுந்தார். "மந்திரியார் வண்டி ஓட்டித் தேர்ந்தவர். நாற்பது நாளில் நாலு காட்டையும் இணைத்துவிட மாட்டாரா? அதுவும் கஜானாவைத் தொடாமல், யார் முதுகிலும் சாட்டை படாமல்!"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பலே! முடிக்காவிட்டால் மோதிரம் அரையருக்கு. சாத்தப்பா, நீ மறுபடியும் உப்பு வண்டிக்கு."

சந்தோஷத்தில் அரையருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே சாத்தப்பன் பறை அறைவித்தான். "முள்ளுக்காடுகளைப் பங்கு போடப் போகிறோம்! வண்டி குலுங்காமல் ஓடுகிற பாதையை எந்தச் சீமை எதுவரை போடுகிறதோ, அதுவரை காடு அந்தச் சீமைக்கு. இரண்டு பாதையும் முட்டுகிற இடத்தில் எல்லைக் கல்!"

அவ்வளவுதான். நேற்றுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் அரிவாளோடு ஓடினார்கள். அடுத்த சீமைக்காரனுக்கு ஒரு முழம் அதிகம் போய்விடக் கூடாதே! இருபது நாளில் மூன்று காடு காணாமல் போயிற்று.

நாலாவது காடு அரையரின் மலைச்சீமைக்கும் அவருடைய பங்காளி பூவரையரின் நடுச்சீமைக்கும் இடையில் இருந்தது. இருவருக்கும் ஒரே தாத்தா. பாகம் பிரித்ததிலிருந்து முகம் பார்த்துப் பேசியதில்லை. ஆனாலும் மோதிரத்துக்காக அரையர் பங்காளி வீட்டுப் படி ஏறினார்.

"தம்பி, நீயும் பாதை போடாதே, நானும் போடவில்லை. நான் மந்திரியானதும் காடு ஆளுக்குப் பாதி."

"அண்ணே, நீங்க சொல்லி நான் தட்டுவேனா?" என்றார் பூவரையர். இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

முப்பதாம் நாள், மலைச்சீமைப் பாதை முடிகிற இடத்தில், அரையரின் மாந்தோப்பு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சாத்தப்பன் ஒரு கல்லை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இங்கே எதற்கு எல்லைக் கல்?"

"உங்கள் பக்கம் வேலையே நடக்கவில்லை. அப்படியென்றால் எல்லை இங்கேதானே வரும்? கனமான கல், அரையரே. கடைசி நேரத்தில் யார் தூக்குவது?"

"பூவரையன் போடமாட்டான்!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்று சாத்தப்பன் வண்டியேறிப் போய்விட்டான்.

அரையர் கல்லையே பார்த்தபடி நின்றார். பூவரையன் காடு முழுவதையும் விழுங்கிவிட்டு, இந்தக் கல்லில் சாய்ந்து வெற்றிலை மென்றபடி தன் மாமரங்களை எண்ணுவதுபோல் தோன்றியது. மதியச் சோறு இறங்கவில்லை. மோதிரத்தை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம். பங்காளியிடம் போன நிலம் திரும்புமா?

விடிந்ததும் மலைச்சீமையின் நூறு கடப்பாரைகள் காட்டில் இறங்கின. 'சும்மா நாலு கோல் தூரம், பாதுகாப்புக்கு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது எதிர்ப்பக்கம் முள் வெட்டும் சத்தம் கேட்டது. "சத்தியத்தை மீறிவிட்டானே பாவி!" என்று கொதித்தார். தான் செய்த சத்தியம் மட்டும் ஏனோ நினைவுக்கு வரவில்லை. கடைசி நாளில் ஆட்களின் வேகம் போதாமல், அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே கடப்பாரை பிடித்தார்.

கடைசி முட்புதர் சாய்ந்தது. எதிரே தலையெல்லாம் மண்ணோடு பூவரையர்.

"சத்தியம் பண்ணினாயேடா!"

"நீங்க மட்டும் என்ன பண்றீங்களாம்? உங்க பாதை என் வாசலுக்கே வரப்போவுதுன்னு மந்திரி கல்லை இறக்கிட்டுப் போனாரே!"

"உன் வாசலிலுமா?" என்ற அரையரின் முகம் சுண்டிப்போயிற்று.

அதற்குள் நடுச்சீமைப் பக்கமிருந்து நுங்கு வண்டியை ஓட்டிக்கொண்டு சாத்தப்பன் வந்துவிட்டான். பொறுமையில்லாத ராஜாவும் மலைச்சீமைப் பக்கமிருந்து எதிர்கொண்டு வந்தான்.

"மோதிரத்துக்குக் காத்திருந்தவரே, கையில் என்ன அது?" என்று ராஜா கேட்டான்.

அரையர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். "கடப்பாரை, அரசே."

"உமக்கு அதுவே பொருத்தம். இந்தப் பாதையில் பள்ளம் விழாமல் பார்ப்பது இனி உங்கள் இருவர் பாடு. ஆளுக்குப் பாதி!" என்று சொல்லி, ராஜா தன் சால்வையை எடுத்துச் சாத்தப்பனுக்குப் போர்த்தினான்.

"கவலையே வேண்டாம், அரசே" என்றான் சாத்தப்பன். "தம்பியின் பாதி வழவழவென்று இருந்தால் அண்ணனுக்குத் தூக்கம் வராது."

கடற்சீமையிலிருந்து நாலே நாளில் வந்த நுங்கு. எல்லோருக்கும் சீவிக் கொடுத்தார்கள். ராஜா உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அரையரும் ஒன்றை வாங்கினார். ஆனால் வாயில் வைப்பதற்கு முன் பங்காளியின் கையை எட்டிப் பார்த்தார்.

பூவரையரின் நுங்கில் மூன்று கண். இவருடையதில் இரண்டு.

அதற்குப் பிறகு அந்த நுங்கு அவர் தொண்டையில் இறங்கியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?