இசக்கித்தாயின் முகம்

மலையடிவாரத்து வைத்திய ஆசிரமத்துக்கு இசக்கித்தாய் வந்தபோது முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

ஆசிரமத்தை நடத்தியவர் நிறைமதி அம்மையார். அவருடைய சீடர் ஆவுடையப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பல வருடம் மருந்துக்கடை வைத்திருந்துவிட்டு, வைத்தியம் கற்க வந்தவர்.

முந்தானை விலகியதும் ஆவுடையப்பன் திடுக்கிட்டார். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. காற்றுப் பட்டாலே எரியும் போலிருந்தது.

சிவப்பழகு கிரீம் போட்டதால் வந்தது என்றாள். சின்ன வயதில் அம்மா வாங்கித் தந்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் அதைவிடக் கடுமையான ஒன்றைக் கொண்டுவந்தாராம். இப்போது குழந்தை முத்தம் கொடுக்க வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"அதுதான் தாங்க முடியல," என்றாள்.

ஆவுடையப்பனுக்கு மனசு இளகிவிட்டது. அன்றைக்கே அவளைக் குணமாக்கிவிட வேண்டும் என்று வேலையில் இறங்கினார். உரிந்த தோலைத் துணியால் தேய்த்து எடுத்தார். கற்றாழையும் வெட்டிவேரும் சேர்த்து அம்மையார் வடித்து வைத்திருந்த மருந்து ஒன்று உண்டு. வருகிறவர்கள் அதை சீரம் என்பார்கள். அதை அழுத்திப் பூசினார். சீக்கிரம் ஆறட்டும் என்று அதன்மேல் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பற்றுப் போட்டார்.

இசக்கித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரிகிறதா என்று கேட்டார்.

"எரிஞ்சாத்தானய்யா கேக்கும்," என்றாள் அவள்.

சாயங்காலம் முகம் வீங்கிவிட்டது. ஆவுடையப்பன் பயந்துபோய் அம்மையாரை அழைத்துவந்தார்.

அம்மையார் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பற்றின்மேல் போட்டார். அது தானாக ஊறிக் கழன்று வரும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு அதே சீரத்தில் சில சொட்டுகளை இசக்கித்தாயின் உள்ளங்கையில் விட்டு, அவளையே பூசிக்கொள்ளச் சொன்னார்.

அவள் வழக்கம்போல அரக்கித் தேய்க்கப் போனாள். அம்மையார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மகளுக்கு இப்படி ஆயிருந்தா எப்படிம்மா பூசுவே?"

கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, விரல் நுனி மட்டும் கன்னத்தில் பட்டது. இசக்கித்தாய் அழுதாள். கண்ணீர் பட்டு எரிந்திருக்கும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

குணமாகும்வரை ஆசிரமத்திலேயே தங்கினாள். கிரீம் இல்லை, சோப்பு இல்லை. காலையும் மாலையும் சீரத்தைத் தானே பூசிக்கொண்டாள். சிவப்பு வடிந்து, புதுத்தோல் மூடியது. அவளுடைய பழைய கறுப்பு நிறம் திரும்ப வந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று, குழந்தை அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

பேருந்து போனபிறகு ஆவுடையப்பன் அம்மையாரிடம் வந்தார்.

"நானும் அதே சீரத்தைத்தாம்மா பூசினேன்."

"ஆமா."

"தேய்ச்சது தப்பு. மஞ்சள் போட்டதும் தப்பு. அது புரியுது. ஆனா நீங்களே மெதுவாப் பூசியிருக்கலாமே. ஏன் அவ கையில குடுத்தீங்க?"

அம்மையார் சீரக் குப்பியை மூடி வைத்தார்.

"அந்த முகத்தை இதுவரைக்கும் எல்லாரும் திருத்தத்தான் தொட்டிருக்காங்க, ஆவுடையப்பன்," என்றார். "அவளும்தான்."