கேட்டவர் உட்காரும்வரை

அந்தச் சிறிய மாநிலத்தின் பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்கும் உறுப்பினர் நின்றுகொண்டு கேட்பார். அமைச்சர் நின்றுகொண்டு பதில் சொல்வார். பதில் போதும் என்று தோன்றினால் கேட்டவர் உட்காருவார். அவர் உட்கார்ந்த பிறகுதான் அமைச்சர் உட்காரலாம். உட்கார்ந்துவிட்டால் கேள்வி முடிந்தது. பிறகு அதைக் கிளற முடியாது. கேட்டவரை உட்காரச் சொல்ல அவைத் தலைவருக்கும் அதிகாரம் கிடையாது.

நிதி அமைச்சர் வேதரத்தினம் ஆட்களை உட்காரவைப்பதில் கெட்டிக்காரர். சிலரைப் புகழ்ந்து உட்காரவைப்பார். சிலரைக் கிண்டலடித்து உட்காரவைப்பார். அவை சிரிக்கிற சிரிப்பில் அவர்களுக்கு நிற்கவே வெட்கமாகிவிடும். எதற்கும் மசியாதவர்களுக்குப் புள்ளிவிவரம் வைத்திருந்தார். கால் கடுக்கும்வரை வாசிப்பார். வரிப்பணம் எங்கே போனது என்று கேட்க எழுந்த எத்தனையோ பேர், எங்கேயோ போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில், தன் குருவைத் தேடி வந்தார்.

குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் அறுபதைத் தாண்டியவர். கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வேதரத்தினத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஊரில் எல்லோரும் அவரிடம் ஏதோ ஒன்று கேட்டு வந்தார்கள். இந்த மனிதர் மட்டும் எதுவும் கேட்டதில்லை.

செங்காணி ஏரிக்குக் கீழே, வயல்களுக்கு நடுவில் இருந்தது மடம். பெயர்தான் மடம். ஓட்டுக் கூரை, சமையல்கட்டு, மாட்டுக்கொட்டகை, அவ்வளவுதான்.

அமைச்சர் உள்ளே வந்தபோது கூடம் முழுக்க மூட்டைகள். மடத்துச் சமையல்காரி தனபாக்கியம் பாத்திரங்களைப் பழைய சேலையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு டிராக்டர் நின்றது. மழை விடாததால் ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் வேதரத்தினத்துக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"வாங்க அமைச்சரே. நல்லா நனைஞ்சுட்டீங்க. துண்டு கொடும்மா, தனபாக்கியம்."

"சாமி, மனசு ஒரு நிலையில இல்ல. படுத்தாத் தூக்கம் வரல."

"என்னாச்சு?"

"நாளைக்குக் காலையில அவையில ஒரு கேள்வி. கேக்கப்போறது அங்கயற்கண்ணி."

அங்கயற்கண்ணி அந்தப் பகுதியின் உறுப்பினர். முழங்கால் வலிக்காரி. படியேற நேரமாகும். ஆனால் கேள்வி கேட்க எழுந்துவிட்டால் லேசில் உட்காரமாட்டார்.

"போன தடவை சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் நின்னாங்க சாமி. நானும் கூடவே நின்னேன்."

"நாளைக்கு என்ன கேக்கறாங்க?"

"ஏரி வரி. செங்காணி ஏரிக்கரையைப் பலப்படுத்தறோம்னு வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அந்த வரி."

"சரியான கேள்விதானே."

அமைச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். முடி எப்போதோ காய்ந்துவிட்டது.

"அவங்களை உட்காரவைக்க ஒரு வழி சொல்லுங்க சாமி. அது ஒண்ணு போதும். மனசு அடங்கிடும்."

குரு அவர் கையிலிருந்த துண்டை வாங்கி வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அப்படின்னா ஒத்திகை பார்த்துடுவோம். நான்தான் அங்கயற்கண்ணி. மாண்புமிகு அமைச்சர் அவர்களே, ஏரிக்கரை எப்படி இருக்கு?"

பழக்க தோஷம், வேதரத்தினமும் எழுந்துவிட்டார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். தொண்டையைச் சரிசெய்தார். இதுவரை நடுங்கிய குரல் இப்போது நடுங்கவில்லை.

"உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறேன். செங்காணி ஏரிக்கரையைப் பலப்படுத்தும் பணிகள் திட்டமிட்டபடி நடைபெற்று வருகின்றன. கரை உறுதியாக உள்ளது. எவ்வளவு மழை பெய்தாலும் மக்கள் அச்சப்படத் தேவையில்லை."

நிமிர்ந்து பார்த்தார். குரு உட்கார்ந்திருந்தார்.

"உட்கார்ந்துட்டீங்களே சாமி!" அமைச்சருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இதுவே போதுமா?"

"போதும். நல்ல பதில்."

குரு கூடத்தின் பக்கம் திரும்பினார். "தனபாக்கியம், மூட்டையெல்லாம் அவிழ்த்துடும்மா. கரை உறுதியா இருக்காம். நாம எங்கேயும் போக வேண்டாம்."

அவள் பாதி போட்ட முடிச்சோடு நிமிர்ந்தாள்.

"இவ்வளவையும் கட்டினப்புறமா சாமி?"

"அமைச்சரே சொல்றார்."

அவள் வேதரத்தினத்தைப் பார்த்தாள். "அப்படிங்களா ஐயா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தலை தானாக ஆடியது. இத்தனை வருஷமாக ஆமாம் ஆமாம் என்று ஆடிய தலை. சட்டென்று வேறு மாதிரி ஆடத் தெரியவில்லை.

தனபாக்கியம் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

குரு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டிராக்டர்க்காரரே, இங்க ஏத்த ஒண்ணும் இல்ல. மேட்டுக்குப் போய் ஊர்க்காரங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க. குழந்தைகளை வெச்சுக்கிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துல ஏன் கஷ்டப்படணும்? அமைச்சர் சொல்லிட்டார்னு சொல்லுங்க."

"எல்லாரையுமா சாமி?"

"எல்லாரையும்தான்."

வேதரத்தினம் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"சாமி, எதுக்கும் இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் அங்கேயே இருக்கட்டுமே. ஒரு முன்னெச்சரிக்கையா..."

"அச்சப்படத் தேவையில்லைன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அது வந்து... பொதுவா சொல்றது."

"ஊரும் பொதுவாத்தானே திரும்புது. மழை என்ன, ஆளுக்குத் தனித்தனியாவா பெய்யுது?"

அமைச்சர் செருப்பைத் தேடினார். "அப்போ நான் கிளம்பறேன் சாமி. ஊர்ல வேலை கிடக்கு."

"இந்த மழையில எங்க போவீங்க? இங்கேயே படுத்துக்குங்க. காலையில நேரா அவைக்குப் போயிடலாம்."

குரு தானே ஒரு பாயை எடுத்து வந்து சுவரோரமாக விரித்தார். தலையணையையும் போட்டார். அந்தச் சுவருக்குப் பின்னால் வயல். வயலுக்குப் பின்னால் கரை. கரைக்குப் பின்னால் முழு ஏரி.

வேதரத்தினம் பாயைப் பார்த்தார். உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. மழைச் சத்தத்துக்குள் வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது தானாகக் கூர்ந்தது. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. நாற்காலி போய்விடுமோ என்று இத்தனை நாள் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"எந்திரிங்க சாமி," என்றார்.

"ஏன்? பதில் வந்தாச்சே."

வெளியே டிராக்டர் உறுமியது.

அமைச்சர் ஓடினார். செருப்பில்லாமல், வேட்டி சேற்றில் இழுபட, அந்த வயதில் அப்படி ஓடி அவரை யாரும் பார்த்ததில்லை. டிராக்டருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"போகாதப்பா! யாரையும் கூட்டிட்டு வராதே! கரையில ஒரு கூடை மண்ணுகூட விழல!"

டிராக்டர்க்காரர் எஞ்சினை நிறுத்தினார். தனபாக்கியம் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

"மண்ணு விழலையா? அப்போ எங்ககிட்ட வாங்கின வரி?"

"தலைநகரத்துல..." விரித்த கைகளைக் கீழே போட்டார். "தலைநகரத்துல ஒரு வளைவு கட்டிட்டோம். ஊருக்குள்ள நுழையற இடத்துல. பேரவையோட பொன்விழாவுக்கு. ஏரியை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"அந்த வளைவை நாங்க பார்த்ததுகூட இல்லைங்களே," என்றாள். பிறகு உள்ளே போய் மறுபடி மூட்டை கட்ட உட்கார்ந்தாள்.

அவர் நனைந்த கோழி மாதிரி கூடத்துக்குத் திரும்பினார். குரு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இப்போ எதுக்குச் சாமி எந்திரிச்சீங்க?"

"பதில் மாறிடுச்சே."

வேதரத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டார். "இதை நாளைக்கு அவையில சொன்னா நான் என்ன ஆவேன்?"

"அந்த அண்டாவுக்கு ஒரு கை பிடிங்க. தனியாத் தூக்க முடியாது."

இருவருமாக அண்டாவைத் தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை, பேரவையில் அங்கயற்கண்ணி மேசையை ஊன்றி மெதுவாக எழுந்தார். கேட்டார். வேதரத்தினம் எழுந்தார். தாள் கையில் இருந்தது. அதைப் பிரிக்காமலேயே மேசைமேல் வைத்தார்.

"ஏரி வரியை வாங்கினோம். கரையில் எந்த வேலையும் நடக்கவில்லை. பணம் வளைவுக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போட்டவன் நான். கரை உறுதியாக இல்லை."

 அடுத்த நொடி அவையில் ஒரே கூச்சல். அவர் கட்சிக்காரர்கள் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீதிப் பேர் முதலமைச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரிகள் மாடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு அவசரமாக வந்தது. அவர் அதை வாங்கவில்லை.

வேதரத்தினம் அங்கயற்கண்ணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உட்காருவார் என்று நினைத்தார். ஒளிக்காமல் சொல்லியாகிவிட்டது. இதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கிறது?

அங்கயற்கண்ணி உட்காரவில்லை.

கூச்சல் அடங்கியது. அவர் நின்றார். சாப்பாட்டு மணி அடித்தது. அப்போதும் நின்றார். அவையை ஒத்திவைத்தார்கள். எல்லோரும் வெளியேறும்போது அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ஒரு தடவைகூட உட்காராமல் போனார்.

வேதரத்தினம் காலி அவையில் நின்றுகொண்டிருந்தார். முதலமைச்சர் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோதுதான் நகர்ந்தார். அங்கே போனவர் அமைச்சராகப் போனார். வரும்போது வெறும் வேதரத்தினமாக வந்தார்.

அரசாங்கக் கார் இல்லை. பஸ் பிடித்துச் செங்காணிக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. வானம் வெளுக்கவில்லை.

மடம் பூட்டிக் கிடந்தது. வயல் வரப்பில் வழுக்கி வழுக்கிக் கரைமேல் ஏறினார்.

ஊர் கரைமேல் இருந்தது. பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்று மண் கூடையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மண் லாரிகள் கிளம்பிவிட்டதாகப் பேரவையிலிருந்து சொல்லியிருந்தார்களாம். ஒன்றும் வந்து சேரவில்லை. தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. 

வரிசையின் நடுவில் தனபாக்கியம். அவளுக்கு அடுத்தபடியாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அங்கயற்கண்ணி. கூடையை வாங்கிக் கொடுக்கும்போதெல்லாம் வலியில் முகம் சுளித்தார். அவருக்கு அடுத்து குரு. குருவுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே இடைவெளி நிறைய இருந்தது. ஒவ்வொரு கூடைக்கும் குரு நாலு எட்டு நடந்து போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது.

வேதரத்தினம் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சாமி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். எதையும் மறைக்கல. பதவியும் போச்சு."

குரு கூடையோடு நடந்தார். இவரும் பின்னாலேயே நடந்தார்.

"அப்பவும் அந்தம்மா உட்காரல சாமி. நான் உண்மையைத்தானே சொன்னேன்? இன்னும் என்ன பதில் வேணும் அவங்களுக்கு?"

குரு திரும்பி வந்து அடுத்த கூடையை வாங்கினார். இந்தத் தடவை நடக்கவில்லை. அதை வேதரத்தினத்தின் பக்கம் நீட்டினார்.

"மண்ணு ஈரமா இருக்கு, கனக்கும். ரெண்டு கையாலயும் பிடிங்க."