முகத்துவாரம் வரை நடந்த பொறியாளர்

காவி கேட்டு மடத்துக்கு வந்தபோது கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தெட்டு. தலை நரைத்த சீடர், தாடி நரைக்காத குரு என்று மடத்துச் சமையல்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எதுக்குக் காவி?” என்று குரு கேட்டார்.

“மனசு அடங்க மாட்டேங்குது, சாமி. எல்லாத்தையும் விட்டுரணும்.”

“வேலை?”

“விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன்.”

மனசு ஏன் அடங்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. குருவும் தோண்டித் துருவவில்லை.

கோமதிநாயகம் சாலைப் பொறியாளர். நகரத்திலிருந்து கடல் வரை ஆற்றை ஒட்டியே போகும் சாலை இருபது வருஷமாக அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்த மடத்தின் வழக்கமும் அதே சாலையில்தான். காவி கேட்பவர் நகரத்துப் படித்துறையில் குளித்துவிட்டு, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை நடக்க வேண்டும். எழுபது கிலோமீட்டர், நாலு நாள். குருவும் கூட நடப்பார். முடிவில் பழைய வேட்டியைக் கடலில் விட்டுவிட்டுக் காவியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் முழுக்கப் பொறியாளர் பேசிக்கொண்டே வந்தார். எந்த மைல்கல்லை எந்த வருஷம் நட்டது என்பதுவரை சொன்னார். பாவம், குரு கேட்டுக்கொண்டே நடந்தார்.

“ரோடு ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?”

“ஆறு வளையுதுல்ல, சாமி. ஆத்தை விட்டு விலகினா மேடும் பாறையும் வரும். தோதான வழியை அது எப்பவோ பார்த்து வச்சிருச்சு. நாங்க கூடவே ரோட்டைப் போட்டுட்டுப் போனோம்.”

“நடுநடுவுல இந்தச் சின்னப் பாலங்க எதுக்கு? அடியில தண்ணியே காணோமே.”

“மழை பெஞ்சா, வயக்காட்டுத் தண்ணி ரோட்டைத் தாண்டி ஆத்துக்குப் போகணும்.”

சொல்லிவிட்டுச் சட்டென்று நடையை வேகப்படுத்தினார்.

மூன்றாம் நாள் ஓடைமறிச்சான் என்ற சிற்றூர் கண்ணில் பட்டது. கோமதிநாயகம் நின்றார்.

“சாமி, இங்கருந்து தோப்பு வழியாப் போனா சுருக்கமா இருக்கும்.”

“ரோட்டுலதான் போகணும். எனக்குத் தாகம் வேற. அந்த வீட்ல தண்ணி கேப்போம்.”

அந்த வீட்டில் ஒரு பக்கம் சுவர் இல்லை. தார்ப்பாய் கட்டியிருந்தது. பேச்சித்தாய் என்ற பெண் இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருபது வருஷமாக ஜீப்பில் கடந்துபோன பொறியாளரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“சுவர் என்னம்மா ஆச்சு?” என்று குரு கேட்டார்.

“போன ஐப்பசி மழையில போச்சு, சாமி. ஆத்து வெள்ளம்கூட இல்ல, வயக்காட்டுத் தண்ணி. ரோட்டை அகலப்படுத்தும்போது அடியில இருந்த பாலத்தை மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. போக வழியில்லாம ரெண்டு நாளு ஊருக்குள்ளயே நின்னுச்சு. ஒம்பது வீடு விழுந்துச்சு. என் ஆடு பதினொண்ணும் செத்துப்போச்சு.”

“யாரு மூடினது?”

“ரோடு இன்ஸ்பெக்டரு சுடலைமுத்துன்னு சொல்றாங்க. வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைக் கழிச்சு விசாரணையாம், வேலையே போயிரும்ங்கிறாங்க. ரெண்டு பொம்பளப்பிள்ளைங்க படிக்குது, பாவம். நெஞ்சளவு தண்ணியில வந்து எங்களைத் தூக்கிட்டுப் போனதும் அந்த மனுசன்தான். யாரைத் திட்டுறதுன்னே தெரியல, சாமி.”

கோமதிநாயகம் செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“குடிங்கய்யா. நல்ல தண்ணிதான்” என்றாள் பேச்சித்தாய்.

குடித்தார். காலிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு அவரே பேசினார்.

“மூடச் சொன்னது நான்தான், சாமி.”

குரு நடந்துகொண்டே இருந்தார்.

“எட்டு வருஷமா அதுல ஒரு சொட்டுத் தண்ணி ஓடலை. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சுட்டாங்க. பாலத்தை நீட்டிக் கட்டினா ரெண்டு மாசம் ஆகும். சுடலைமுத்து வேண்டாம்னுதான் சொன்னார். மூடுய்யான்னு போன்ல சொல்லிட்டேன். காகிதத்துல அவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கு.”

“இதை வேற யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

“உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.”

சொன்னதும் அவருக்கு நெஞ்சு லேசானது. அன்றைக்குச் சத்திரத்தில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். கதை சொல்கிற எனக்கே இந்த இடத்தில் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் பிற்பகலில் முகத்துவாரத்தை அடைந்தார்கள். ஆறு அங்கே அகலமாகி, சத்தமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோமதிநாயகம் சட்டையைக் கழற்றி மணலில் வைத்தார். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையையும் நீட்டினார்.

“கொடுங்க, சாமி. வேலையை விட்டுட்டேன். வீட்டை விட்டுட்டேன். அந்தத் தப்பையும் இந்தக் கடல்லயே விட்டுடறேன்.”

குரு காவியைக் கொடுக்கவில்லை.

“வேலை உங்களோடது, விடலாம். வீடும் உங்களோடது, விடலாம். தப்பை எப்படி விடுவீங்க? அது உங்ககிட்ட இல்லையே.”

“பின்ன எங்க இருக்கு?”

“சுடலைமுத்துகிட்ட. போய் வாங்கிக்கிட்டு வாங்க. கையில இருந்தாத்தானே விட முடியும்?”

கோமதிநாயகம் நீட்டிய கைகளை மெல்ல இறக்கினார். பிறகு கரையேறிச் சட்டையை மாட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“சரி, சாமி. வந்த வழியே நடந்து திரும்பிப் போறேன். அதுவே எனக்கு ஒரு பிராயச்சித்தமா இருக்கட்டும்.”

“நடந்தா நாலு நாள் ஆகும்” என்றார் குரு. “விசாரணை நாளைக்கு. பஸ்ல போங்க.”