சப்பாத்திக்கள்ளிப் பூச்சி சிறகிழந்த கதை

அந்தக் காலத்தில் மண்ணில் ஊர்வதும் காற்றில் பறப்பதும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். மெக்சிகோ நாட்டின் தெற்கே ஒரு பள்ளத்தாக்கில், சபோடெக் மக்கள் தங்கள் இறந்தோருக்காகக் கல்மண்டபங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே லாச்சி என்றொரு நெசவுக்காரி இருந்தாள். இடுப்போடு தறியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து நெய்வாள். அவள் கணவன் பிலாலா, மண்டபச் சுவர்களில் சின்னச் சின்னக் கற்களைச் சாந்தில்லாமல் பொருத்திக் கோலம் அமைப்பவன். வாசலோரம் ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர். மழை ஓய்ந்ததும் சிறகுள்ள சிறு பூச்சிகள் கூட்டமாக வந்து அதில் தங்கும். குளிர் முற்றுமுன் வெதுவெதுப்பான மலையடிவாரம் தேடிப் பறந்துவிடும். அவற்றில் மூத்தவளை லாச்சி 'அக்கா' என்றே கூப்பிடுவாள். நெய்யும் நேரமெல்லாம் இருவருக்கும் பேச்சு ஓயாது.

ஓர் ஆண்டு, மண்டப வாசலின் மேல்கல்லைத் தூக்கும்போது கயிறு அறுந்தது. பிலாலா அதன் கீழே அகப்பட்டு இறந்துபோனான்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் உடலைக் கல்லறையில் வைக்க வேண்டும் என்றார்கள் பூசாரிகள். சிவப்புத் துணி சுற்றி வருகிறவனைத்தான் முன்னோர்கள் அடையாளம் கண்டு கைபிடித்து அழைத்துப்போவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊரில் இருந்ததோ செம்மண் சாயம். லாச்சி மூன்று முறை தோய்த்தாள். மூன்று முறையும் துணி சேற்று நிறமாகவே வந்தது. முன்பொருநாள் தெரியாமல் ஒரு பூச்சியை நசுக்கிவிட்டபோது தன் விரலில் ஒட்டிய நிறம் அவள் நினைவுக்கு வந்தது. கள்ளிப்புதரின் முன் போய் நின்று, துணிக்குச் சிவப்பு வேண்டுமென்று கேட்டாள்.

"சிவப்பு எங்கள் உயிரில் இருக்கிறது, லாச்சி. இப்போது எல்லோர் வயிற்றிலும் பிள்ளைகள். மூன்று நாள் பொறு. பெற்றெடுத்த பிறகு, வயதான நாங்கள் நாங்களாகவே உன் பானையில் இறங்குகிறோம்" என்றாள் அக்கா.

லாச்சி ஓடிப்போய்ப் பூசாரிகளிடம் மூன்று நாள் தவணை கேட்டாள். அதுவரை உடல் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவள் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

விடியற்காலைப் பனியில் பெண்பூச்சிகளின் சிறகுகள் விறைத்திருந்தன. ஆண்பூச்சிகள் மலையடிவாரத்துக்கு வழி பார்த்துவர முன்தினமே போயிருந்தன. லாச்சி தூசி தட்டும் மான்வாலை எடுத்து, எல்லாவற்றையும் சுரைக்குடுக்கையில் கூட்டித் தள்ளினாள். சில பூச்சிகள் அவள் பெயரைச் சொல்லி ஏன் என்று கேட்டன. அவள் நிறுத்தவில்லை; பானையில் இட்டுக் காய்ச்சித் துணியைத் தோய்த்தாள்.

அப்படியொரு சிவப்பை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தத் துணியில் பிலாலாவைச் சுற்றிக் கிடத்திக் கல்லறையை மூடினார்கள்.

லாச்சி வீடு திரும்பியபோது ஆண்பூச்சிகள் வந்துசேர்ந்திருந்தன. வெறும் கள்ளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, ஒவ்வொன்றாகச் செத்துக் கீழே விழுந்தன. ஒரு மடலின் அடிப்பக்கத்தில் அக்கா மட்டும் மிஞ்சியிருந்தாள். மான்வால் பட்டு இரண்டு சிறகுகளும் ஒடிந்து போயிருந்தன.

"நான் தருகிறேன் என்றுதானே சொன்னேன்" என்றாள் அக்கா.

"அவர் இருட்டில் தனியாக நின்றுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்."

"என் வீட்டுக்காரரும் தனியாகத்தான் கிடக்கிறார். உன் காலடியில் பார்."

லாச்சி குனிந்து பார்த்தாள். தறியருகே கிடந்த பஞ்சில் சிறிது பிய்த்து, குளிரில் நடுங்கிய அக்காவின் மேல் போர்த்தினாள். அக்கா அதைத் தள்ளவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கள்ளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பிறந்த மகள்கள் ஒருத்திக்கும் சிறகில்லை. அவர்கள் யாரோடும் பேசவும் இல்லை.

அன்று முதல்தான் அந்தப் பெண்பூச்சி, வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு கள்ளிமடலில் ஒட்டியே கிடக்கிறது. சிறகுள்ள ஆண்பூச்சியோ சில நாளிலேயே செத்து விழுகிறது. இன்றும் கம்பளமும் கல்மண்டபமும் பார்க்க அந்தச் சிற்றூருக்குப் போகிறவர்களின் உள்ளங்கையில் நெசவுக்காரப் பெண்கள் ஒரு பூச்சியை வைத்துக் காட்டுவார்கள். சிவப்பைக் காட்ட, நசுக்க விரல் வரும்போதும் அது நகர்வதில்லை.