நாற்பத்தேழாவது ஸ்லைடு

"ஒரு நிமிஷம் கூடக் குடுத்தா நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று பேராசிரியர் தணிகைவேல் மரியபுஷ்பத்திடம் சண்டைக்கே போய்விட்டார்.

மரியபுஷ்பம் பாளையங்கோட்டையில் ஒரு மேலாண்மைக் கல்லூரியின் அலுவலக உதவியாளர். ஆண்டுதோறும் அங்கே மாணவர்களுக்கு ஒரு போட்டி நடக்கும். ஏதாவது ஒரு கம்பெனி தன் சிக்கலைக் கவரில் போட்டுக் கொடுக்கும். நாலு பேர் கொண்ட அணி ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, மறுநாள் நடுவர்கள் முன்னால் பத்து நிமிஷத்தில் தீர்வு சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் முடிந்ததும் மரியபுஷ்பம் மணியடிப்பார்.

உள்ளூர் அணிக்குப் பயிற்சியாளர் தணிகைவேல். ஏழு வருஷமாகச் சொந்த மேடையிலேயே மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். பாவம், மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்கும் அதுல வருத்தம் உண்டு சார்," என்றார் மரியபுஷ்பம்.

"உங்களுக்கு என்ன வருத்தம்?"

"ஏழு வருஷமா முன் வரிசையில இருந்து கேக்கேன். உங்க பிள்ளைங்க என்னதான் சொல்ல வந்தாங்கன்னு இதுவரைக்கும் தெரியல."

"அது நாப்பத்தேழாவது ஸ்லைடுல வரும்மா!"

"பத்தொன்பதாவதுலயே நான் மணி அடிச்சிருதேனே சார்."

பேராசிரியருக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, ஜெயிக்க வழி சொல்லுங்க."

மரியபுஷ்பம் மேசை மணியை எடுத்து முன்னால் வைத்தார். "போன வருஷம் குடைக் கம்பெனிக்கு என்ன சொல்ல இருந்தீங்க? அதைச் சொல்லுங்க."

தணிகைவேல் தொண்டையைச் செருமினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம்..."

டிங்.

"இந்தியக் குடைச் சந்தையின் அளவைப் பார்த்தோமானால்..."

டிங்.

"நிறுவனத்தின் பலங்கள் நான்கு. பலவீனங்கள்..."

டிங்.

"என்னம்மா விளையாடுறீங்களா? நம்ம ஊர்ல மழை பத்து நாள், வெயில் முந்நூறு நாள். குடையை வெயிலுக்கு விக்கணும், அவ்வளவுதான்!"

மணி அடிக்கவில்லை.

"இதுவா சார் நாப்பத்தேழு?"

"ஆமா."

"நல்லாத்தானே சார் இருக்கு!"

"மீதி ஒன்பதே முக்கால் நிமிஷத்துக்கு என்ன பண்றது?"

அதற்குள் முதல்வர் கூப்பிட, மரியபுஷ்பம் மணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தணிகைவேல் மணியைத் தூக்கிக்கொண்டு பயிற்சி அறைக்கு ஓடினார். நாலு மாணவர்களும் எழுந்து நின்றார்கள்.

"இதுவரை நம் அணி செய்த தவறுகளைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்த்தோமானால்..."

கையிலிருந்த மணி கண்ணில் பட்டது. தானே அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அணித் தலைவி ஆவுடைச்செல்விதான் மெல்ல ஆரம்பித்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்த நாப்பத்தேழு ஸ்லைடும் நீங்க போடச் சொன்னதுதான்."

போட்டி நாள் வந்தது. மணியும் மரியபுஷ்பத்தின் மேசைக்கே திரும்பியிருந்தது. இந்த முறை ஒரு மெத்தைக் கம்பெனி, விற்பனை படுத்துவிட்டதாம். கவர் பிரித்த பிறகு பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. தணிகைவேல் கடைசி வரிசையில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடைச்செல்வி மேடை ஏறினாள்.

"வணக்கம். மெத்தையை ரெண்டா மடிக்கிற மாதிரி செய்யுங்க."

நிறுத்திவிட்டாள்.

நடுவராக வந்திருந்த மெத்தைக் கம்பெனி முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"உங்க மெத்தை எங்க ஊர் மாடிப்படியில ஏற மாட்டேங்குது சார்."

அரங்கம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எந்தத் தெருவில? படி எவ்வளவு அகலம்?"

முந்தின நாள் நாலு பேரும் டேப்பும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தெருவாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே போனார்.

பத்து நிமிஷம் ஆனது. மரியபுஷ்பம் மணியடித்தார்.

"அம்மா, அந்த மணியைக் கொஞ்சம் உள்ள வைங்க," என்றார் முதலாளி. "நீ சொல்லு பாப்பா."