பினாங்கு பார்ட்டிக்குப் புல் பார்த்த கதை

வெறுங்குளத்துக்காரங்களை முட்டாள்னு சொன்னா அவங்களுக்குக் கோபம் வராது. "எந்த விஷயத்துல?"னு திருப்பிக் கேப்பாங்க. எதையும் விவரமாத் தெரிஞ்சுக்கணும்னு அவ்வளவு ஆசை.

அந்த ஊர்ல தவசின்னு ஒருத்தர் டூர் வேன் வெச்சிருந்தார். பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம்னு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போய், குளிக்க வெச்சு, கும்பிட வெச்சு, பொங்கிப் போட்டு, திரும்பக் கொண்டாந்து இறக்குறது தொழில். டிரைவர் சடையாண்டி. கூடவே போய்ச் சமைக்கிறவன் மொக்கச்சாமி. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தாலே இந்தக் கதை நடந்திருக்காது.

சடையாண்டிக்கு ஒச்சப்பன் மகள் பேச்சி மேல ஆசை. பேச்சிக்கும் சம்மதம்தான். ஒச்சப்பனுக்குத்தான் இல்லை. தென்னந்தோப்பும் பம்புசெட்டும் வெச்சிருக்கிற ஆளு. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்: "கோயில் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கிறவனுக்கு எம்பொண்ணு கிடையாது. ஃபாரின் பார்ட்டி ஓட்டுற டிரைவருன்னு சொல்லிக்கிட்டு வா, அன்னைக்கே தேதி குறிக்கிறேன். இந்த மாசம் தாண்டுச்சுன்னா மேலூர் மாப்பிள்ளைக்குத் தட்டு மாத்திருவேன்."

இந்த நேரத்துலதான் பினாங்கு நாச்சியப்பன் குலசாமி கும்பிட ஊருக்கு வந்தார். கிளம்புற அவசரத்துல தவசியைக் கூப்பிட்டார்.

"தவசி, தைப்பூசம் முடிஞ்சதும் என் கூட்டாளிங்க பன்னெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். எல்லாரும் கோல்ஃப் பைத்தியம். நல்ல மைதானமா நீங்களே நேர்ல போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. புல்லு நல்லா இருக்கணும். தண்ணி இருக்கணும். மணல் இருக்கணும். அமைதியா இருக்கணும். முக்கியமா பதினெட்டுக் குழி இருக்கணும். பிடிச்சுப்போச்சுன்னா வருஷா வருஷம் உங்க வேன்தான். இல்லேன்னா பக்கத்து ஊர் பஸ்காரனைப் பார்த்துக்கிறேன்."

தவசி தலையாட்டினார். அவர் தலையாட்டினா புரிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை, கழுத்து நல்லா இருக்குன்னு அர்த்தம்.

வேனுக்குள்ள உக்காந்து மூணு பேரும் பேசினாங்க.

"கோல்ஃப்னா என்னண்ணே?" சடையாண்டி கேட்டான்.

"குழியில பந்து போடுறது."

"போட்டுட்டு?"

"எடுக்கிறது."

"எடுத்துட்டு?"

"அடுத்த குழியில போடுறது."

மொக்கச்சாமி வெங்காயம் உரிக்கிறதை நிறுத்திட்டு, "நேர்த்திக்கடன்" என்றான்.

எல்லாம் ஒரே நொடியில வெளிச்சமாயிருச்சு. தவசி தொடையில அடிச்சுக்கிட்டார். "அதான பார்த்தேன்! பதினெட்டுன்னாரே! இங்க பதினெட்டுப் படி ஏறுறோம், அவங்க பதினெட்டுக் குழி இறங்குறாங்க."

"எந்தச் சாமிண்ணே?"

"அது எதுக்கு நமக்கு? கூட்டிட்டுப் போறவன் வேண்டுதலைக் கேக்கக் கூடாதுடா."

அடுத்து புல்லு. நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது? "நாம என்ன திங்கிறோமா?"ன்னு மொக்கச்சாமி கேட்டது நியாயமாத்தான் பட்டுச்சு. அதனால அவனோட ஆடு செவலையையும் வேன்ல ஏத்திக்கிட்டாங்க. ஜன்னலோர சீட்டு.

முதல் மைதானம் மலை மேல இருந்துச்சு. பினாங்கு பார்ட்டின்னு சொன்னதும் மேனேஜர் வாசலுக்கே வந்துட்டார். தவசி வழக்கம்போல ஆரம்பிச்சார்.

"நடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"காலைல ஆறு மணிக்கு சார்."

"கூட்டம்?"

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம் இருக்கும்."

"மொட்டை போட வசதி இருக்கா?"

மேனேஜர் திரும்பி, மொக்கச்சாமியோட பனியனையும் தோள்ல கிடந்த துண்டையும் மேலும் கீழும் பார்த்தார். "மன்னிக்கணும் சார். இங்க காலர் வெச்ச சட்டை இல்லாம யாரையும் உள்ள விடமாட்டோம்."

சட்டம்னா சட்டம். பொண்ணு பார்க்கப் போறதுக்குன்னு சடையாண்டி மடிச்சு வெச்சிருந்த சட்டை ஒண்ணு வேன்ல இருந்துச்சு. நீலக் கலர், நல்ல விறைப்பான காலர். எடுத்துச் செவலைக்குப் போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிவிட்டாங்க.

ஆடு உள்ளே போச்சு. மொக்கச்சாமி வெளியே நின்னான்.

முதல் குழிக்குப் போனாங்க. நடுவுல ஒரு கொடி நட்டிருந்துச்சு. தவசி சுத்திச் சுத்தி வந்து பார்த்தார். "இது எந்தக் கட்சிடா?"

"தெரியலைண்ணே. சின்னம் இல்லை."

"பன்னெண்டு பேர்ல எல்லாக் கட்சிக்காரனும் இருப்பான். வம்பு வேணாம், பிடுங்கு."

போற வழியில இருந்த கொடியெல்லாம் பிடுங்கி ஓரமாக் கட்டி வெச்சாங்க. மேனேஜர் பதறிக்கிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார். இதுக்குள்ள குழியைச் சுத்தியிருந்த பச்சைத் தரையை செவலை மோந்து பார்த்துச்சு. நாக்கை நீட்டிப் பார்த்துச்சு. வாய்க்கு ஒண்ணும் சிக்கலை, அவ்வளவு ஒட்ட வெட்டின புல். தலையைத் தூக்கி தவசியைப் பார்த்து ஒரு கத்து கத்துச்சு.

"என்னண்ணே சொல்லுது?"

தவசி குனிஞ்சு தடவிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போச்சு. "நமக்கு முன்னாடியே வேற எவன் ஆடோ மேஞ்சுட்டுப் போயிருக்கு. மேனேஜர் சார், பழைய புல்லை எங்க தலையில கட்டப் பாக்குறீங்களே!"

அதுக்கப்புறம் மேனேஜர் பேசினதை எழுத முடியாது.

ரெண்டாவது மைதானம் பட்டணத்துல. இங்க மொக்கச்சாமிக்கு மேல்சட்டை இரவல் வாங்கி மாட்டிட்டாங்க. செவலைக்குச் சட்டை பழகிப்போச்சு, கழட்டவிடலை.

உள்ள போன கையோட சடையாண்டி ஒரு பெரியவரைப் பார்த்தான். அவர் காலை அகட்டி வெச்சு, கம்பை ஓங்கி ஒரு அடி. பந்து எங்கேயோ போயிருச்சு. பாவம்னு நினைச்சான் சடையாண்டி. மூச்சு இரைக்க ஓடிப் போய்ப் பொறுக்கிட்டு வந்தான்.

"ஐயா, இந்தாங்க. நல்லவேளை, விழுந்ததை நான் பார்த்துட்டேன்."

பெரியவர் அவனை முறைச்சுட்டு மறுபடி அடிச்சார். மறுபடி ஓடினான். மறுபடி கொண்டாந்தான். மூணாவது தடவை அவர் கம்பை அவனைப் பார்த்து ஓங்கினார்.

"அது போகணும்னுதாண்டா அடிக்கிறேன்!"

சடையாண்டி கண் கலங்கி வந்து நின்னான். "உதவி செஞ்சா திட்டுறாருண்ணே."

"நேர்த்திக்கடன்ல குறுக்க போகலாமாடா? அவர் காவடியை நீ தூக்கினா புண்ணியம் யாருக்குச் சேரும்?"

இந்தப் பக்கம் மொக்கச்சாமிக்கு ஒரு பள்ளம் நிறைய மணல் கிடைச்சிருந்துச்சு. அவன் ஊர் ஊராப் போய்ப் பொங்கினவன். மணல்ல வெச்ச அடுப்பு சாயாதுன்னு அவனுக்குத் தெரியும். மூணு கல்லைக் கூட்டி, குண்டானை ஏத்தி, முருங்கைக்காய் சாம்பார் கொதிக்க விட்டான். சரியாப் பெருங்காயம் போடுற நேரம், வானத்துலேர்ந்து ஒரு பந்து வந்து குண்டானுக்குள்ள விழுந்துச்சு.

பின்னாலேயே அந்தப் பெரியவரும் அவர் சிநேகிதர் ரெண்டு பேரும் வந்தாங்க. மூணு பேரும் குண்டானைச் சுத்தி நின்னு எட்டிப் பார்த்தாங்க.

"கரண்டியால எடுத்துத் தரவா சாமி?" மொக்கச்சாமி கேட்டான்.

"தொடாதே!" ஒரு சிநேகிதர் கத்தினார். "விழுந்த இடத்துலருந்துதான் அடிக்கணும். அதான் விதி."

"கொதிக்குதுங்க."

"விதி விதிதான்."

பெரியவர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, கம்பை ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துட்டு, குண்டானுக்குள்ள விட்டு ஒரே அடி. பந்து போச்சு, கூடவே பாதிச் சாம்பாரும் போச்சு. குழிக்குப் பக்கத்துல பந்து போய் நின்னுச்சு. ஒரு முருங்கைக்காய்த் துண்டு அதைத் தாண்டி உருண்டு குழிக்குள்ளயே விழுந்துருச்சு.

"முருங்கைக்காய் கணக்குல வராது" என்றார் ரெண்டாவது சிநேகிதர், ரொம்ப கவலையா.

இதுல யாரு வெறுங்குளத்துக்காரன்னு என்கிட்ட கேக்காதீங்க.

மொக்கச்சாமி குண்டானைக் கவுத்து வெச்சான். "அண்ணே, சோத்தை அடிக்கிற இடத்துக்குப் பார்ட்டியைக் கூட்டிட்டு வர்றது பாவம்." அந்த மைதானமும் போச்சு.

மூணாவது கடலோரத்துல. உண்மையிலேயே அருமையான மைதானம். புல்லு செவலைக்குப் பிடிச்சுப்போச்சு. மேனேஜர் பார்க்கிறதுக்குள்ள ஒரு திட்டு காலி. தண்ணி இருந்துச்சு. மணல் இருந்துச்சு. சடையாண்டி மனசுக்குள்ள பத்திரிகையே அடிச்சுட்டான்.

"அவசரப்படாதே" என்றார் தவசி. "அமைதியா இருக்கான்னு இன்னும் பாக்கலை."

ஆளுக்கு ஒரு மூலையில போய் நின்னாங்க.

"சடையாண்டீ! அங்க அமைதியா இருக்காடா?"

"இங்க அமைதியாத்தாண்ணே இருக்கு! மொக்கை, உனக்கு?"

"சரியாக் கேக்கலை! என்ன இருக்கா?"

"அமைதீ! அமைதீ!"

நடுவுல குழிக்கிட்ட குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சு, கடைசி அடி அடிக்க நின்ன ஒருத்தர் கம்பைத் தூக்கித் தரையில எறிஞ்சுட்டு உக்காந்து அழுதார். நாலா பக்கமும் விசில் ஊதி காவல்காரங்க ஓடி வந்தாங்க. செவலை வேற கத்துச்சு. தவசி காதைப் பொத்திக்கிட்டே வேன்ல வந்து ஏறினார்.

"நல்ல இடம்தாண்டா. ஆனா இரைச்சல் தாங்க முடியலை."

திரும்பி வர்ற வழியிலேயே நாச்சியப்பன்கிட்டேர்ந்து போன் வந்துருச்சு. பார்ட்டி மதுரையில இறங்கியாச்சு, நாளைக்குக் காலையில ஆட்டம். சடையாண்டி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு தேம்பினான். "மாசம் முடியப்போகுதுண்ணே. பேச்சியை மேலூர்க்காரனுக்குக் குடுத்துருவாங்க."

வேன் ஊருக்குள்ள நுழையுறப்ப, ஒச்சப்பன் தோப்புப் பக்கம் வந்ததும் செவலை ஜன்னல் வழியாக் குதிச்சிருச்சு. சட்டையோட ஓடிப் போய் வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லுல வாயை வெச்சது, கூப்பிடக் கூப்பிடத் தலையைத் தூக்கலை. மூணு பேரும் இறங்கி நின்னு பார்த்தாங்க.

"புல்லு?" தவசி கேட்டார்.

"அதான் சொல்லுதே" என்றான் மொக்கச்சாமி.

"தண்ணி?"

"பம்புசெட்டு ஓடுது."

"மணல்?"

"புது வீடு கட்ட மலை மாதிரி கொட்டி வெச்சிருக்காரு."

"அமைதி?"

இந்தத் தடவை யாரும் கத்தலை, தொண்டை கட்டியிருந்துச்சு. அதனால அமைதியாவே இருந்துச்சு.

"குழி?"

சடையாண்டி தோப்புக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்தான். "எலி தோண்டி வெச்சிருக்குண்ணே. பதினெட்டுக்கு மேலயே தேறும்."

"ஒச்சப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" மொக்கச்சாமி இழுத்தான்.

"திருச்செந்தூர் போறப்ப முருகன்கிட்ட கேட்டுட்டா போறோம்?"

மறுநாள் காலையில ஒச்சப்பன் பம்புசெட்டுத் தொட்டிகிட்ட முகத்துல சோப்புப் போட்டுச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தார். தோப்பு வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. முதல்ல சடையாண்டி இறங்கினான், பளபளன்னு சலவை வேட்டியில. பின்னாடி நாச்சியப்பன். அதுக்குப் பின்னாடி வாட்டசாட்டமா பன்னெண்டு பேர், ஒவ்வொருத்தர் தோள்லயும் ஒரு பை, பை நிறைய இரும்புக் கம்பு. இறங்கினதும் இறங்காததுமா ஒருத்தர் கம்பை உருவி, காத்துல விர்ரு விர்ருன்னு வீசிப் பார்த்தார். உடம்பு சூடேறட்டும்னுதான்.

ஒச்சப்பன் கையிலிருந்த கத்தி தொட்டிக்குள்ள விழுந்துச்சு.

"ஏ பேச்சி! உள்ள போய்க் கதவைச் சாத்து! பொண்ணு தரலேன்னு சொன்னதுக்கு ஆளு இறக்கிட்டான்டி!"

சோப்பு மூஞ்சியோட ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்யா! நாலு பேரு பார்க்கச் சொல்றேன். எம்பொண்ணு சடையாண்டிக்குத்தான். வர்ற வளர்பிறையிலயே முடிச்சிரலாம். சத்தியம்!"

பினாங்குக்காரங்களுக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை. ஆனா கல்யாணச் சேதின்னு மட்டும் தெரிஞ்சுச்சு. பன்னெண்டு பேரும் கை தட்டினாங்க. ஒருத்தர் ஒச்சப்பனைக் கட்டிப் பிடிச்சு கன்னத்துச் சோப்பைத் தன் சட்டையில வாங்கிக்கிட்டார். சடையாண்டி நெடுஞ்சாண்கிடையா மாமனார் கால்ல விழுந்தான்.

நாச்சியப்பன் தவசியைத் தனியா இழுத்துட்டுப் போனார். "யோவ், இது தென்னந்தோப்புய்யா!"

"ஆமாங்க. புல்லு, தண்ணி, மணல், அமைதி, குழி. நீங்க சொன்னதுல எதுங்க இல்லை?"

நாச்சியப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணிப் பார்த்தார். ஒண்ணும் குறையலை. அதுக்குள்ள அவர் கூட்டாளி ஒருத்தர், "இந்த மாதிரி மைதானம் எங்கேயும் பார்த்ததில்லையே!"ன்னு மணல் குவியல் மேல ஏறி நின்னு சந்தோஷமாக் கூவிட்டார்.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. முதல் ஆளு பந்தைக் கீழே வெச்சு, பல்லைக் கடிச்சு, கம்பை ஓங்கி ஒரு அடி. பந்து தென்னை மரத்துல மோதி விழுந்துச்சு. விடாமப் பின்னாடியே போய் இன்னொரு அடி.

பேச்சி கதவைத் திறந்துட்டு வந்து அப்பனை உலுக்கினா. "யப்பா, நல்லாப் பாரு. அவங்க நம்மளை அடிக்க வரலை. அந்தப் பந்தைத்தான் அடிக்கிறாங்க."

ஒச்சப்பன் பார்த்தார். ஆறடி ஆளுங்க பன்னெண்டு பேரு, ஆளுக்கொரு இரும்புக் கம்பு, நடுவுல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பந்து. அவருக்கு மனசு கேக்கலை. குடுகுடுன்னு ஓடிப் போய், பந்துக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னார்.

"போதும், விட்டுருங்கய்யா. சின்னது. ஏதோ தெரியாமப் பண்ணியிருக்கும்."