முட்டும் ஆட்டுக்குட்டியும் முள்ளம்பன்றியின் பட்டமும்

ஒரு காட்டில் புலியார் ஒருவர் ஆட்டுக்குட்டி வளர்த்தார். தின்பதற்கு அல்ல, சும்மா கொஞ்சுவதற்கு! அதைப் பார்த்துக் கரடி ஒரு கோழி வளர்த்தது. நரிகூட வாத்து வளர்க்கக் கிளம்பியது. அந்த வாத்தை மட்டும் மறுநாளிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

ஆட்டுக்குட்டியின் பெயர் செம்பி. அவளுடைய உயிர்த்தோழன் சிலுப்பன் என்கிற முள்ளம்பன்றி. ஒருநாள் புலியார் அவனைக் கூப்பிட்டார்.

"டேய் சிலுப்பா! உன் தோழிக்குப் புத்தி சொல்லு. விடிஞ்சா போதும், தலையால என் வயித்துல முட்டுறா. பாசத்துல பொறுத்துக்கறேன். மழைக்காலம் வர்றதுக்குள்ள நிறுத்தலைன்னா அவ செல்லம் இல்லை, சாப்பாடு!"

சிலுப்பன் உடனே தோழியிடம் ஓடினான். செம்பியைக் கேட்டால், "என்னமோ தெரியலைடா, முட்டணும் போலயே இருக்கு!" என்றாள். வளர்ப்பு விலங்குகளின் குணம் அறியும் படிப்பைப் படித்தால்தான் இவளைக் காப்பாற்ற முடியும் என்று அவன் முடிவுகட்டினான்.

அப்பா முள்ளம்பன்றி குதித்தார். "வளை தோண்டுற படிப்பு படிடா! ஆயுசுக்கும் வேலை இருக்கும். ஆட்டுக்கு மனசு பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

"செம்பியைத் தின்னுடுவாருப்பா!"

அப்பா இறங்கி வந்தார். "சரி, படி. ஆனா பெரிய காலேஜா பார்த்துச் சேரு. நாலு பேர் கேட்டா சொல்லிக்க வேண்டாமா?"

சிலுப்பன் முதலில் காட்டோரத்தில் கழுதையக்கா பாடம் நடத்தும் ஆட்டுப்பட்டிக்குப் போனான். அங்கே கட்டடமே இல்லை. மாணவர்கள் ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மேல் ஆட்டுப் புழுக்கை.

"என்ன பட்டம் தருவீங்க, அக்கா?"

"அதுக்கு இன்னும் பேர் வைக்கலைப்பா. முதல்ல உள்ளே வந்து உட்காரு!"

சிலுப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

அடுத்தது ஆந்தையாரின் கல்லூரி. அங்கே தரும் பட்டத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், வாயில்காப்போன் காகம் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"ஐயா, இங்கே ஆடு இருக்குங்களா?"

"ஆடா! பாடம் நடக்கிற இடத்துல ஆடு எதுக்கு? கத்தித் தொலைக்கும்!" என்றது காகம்.

சிலுப்பனுக்கு அது நியாயமாகவே பட்டது. உடனே சேர்ந்துவிட்டான். அப்பாவோ அந்தப் பட்டத்தின் பெயரைக் காடு முழுக்கச் சொல்லித் திரிந்தார். பாதிக்கு மேல் அவருக்கே மறந்துபோகும்.

சிலுப்பன் உருண்டு புரண்டு படித்தான். தங்கப் பதக்கமும் வாங்கினான். வானம் கறுத்துக்கொண்டு வந்த நாளில், பதக்கம் குலுங்கப் புலியாரின் குகைக்குள் நுழைந்தான்.

"ஆடு முட்டுவதற்கான காரணங்கள் பல வகைப்படும்!" என்று தொடங்கினான்.

செம்பிக்குத் தோழனைப் பார்த்த சந்தோஷம் தாங்கவில்லை. பாய்ந்து வந்தாள். பட்டதாரி பயந்துபோய் முள்ளைச் சிலிர்த்துவிட்டான். பாவம், அவள் மூக்கெல்லாம் முள்!

"என் பிள்ளையைக் குத்திட்டியேடா!" என்று புலியார் உறுமினார். "நாளைக்கு நானே தின்னப்போற பிள்ளை! அதைக் குத்த நீ யாரு? முதல் தூறல் விழட்டும். அவளைத் தின்பேன், தொட்டுக்க உன்னை வச்சுக்குவேன்!"

"எனக்கு வலிக்கலைடா" என்றாள் செம்பி. அதைக் கேட்டுச் சிலுப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. பதக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்த ஓட்டம், கழுதையக்காவின் பட்டியில்தான் நின்றது.

"அக்கா, அட்மிஷன் முடிஞ்சுபோச்சா?"

"முள்ளை மடக்கிக்கிட்டு உட்காரு, போதும்!"

சற்று நேரத்தில் மேயப் போன ஆடுகள் திரும்பின. அடைத்து வைத்திருந்த குட்டிகள் தாயிடம் ஓடின. ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியை முட்டியது! முட்ட முட்டப் பால் சுரந்தது. குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு குடித்தன.

சிலுப்பன் துள்ளி எழுந்தான். அக்காவிடம் ஒரு குடுவைப் பால் வாங்கிக்கொண்டு ஓடினான். அவன் குகையை எட்டும்போது தூறல் விழத் தொடங்கிவிட்டது. புலியார் வாயைத் திறந்திருந்தார். கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தார், பார்க்க மனசு வரவில்லையாம்!

"நிறுத்துங்க ஐயா! அவ சண்டைக்கு முட்டலை, பால் தேடுறா! உங்களைத்தான் அம்மான்னு நினைச்சுக்கிட்டிருக்கா!"

புலியார் வாயை மூடினார். அவர் மீசை நடுங்கியது.

"அம்மாவா? நானா? பசியிலயா முட்டினே, என் கண்ணு!" என்று ஓவென்று அழுதார். இடி இடிக்கிறது என்று காடே பொந்துக்குள் பதுங்கியது.

அன்றுமுதல் விடிந்ததும் பால் குடுவையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு புலியார் படுத்துவிடுவார். செம்பி முட்டி முட்டிக் குடிப்பாள். யாராவது வந்தால், "சத்தம் போடாதீங்க, பிள்ளை பால் குடிக்கிறா!" என்பார்.

ஆகவே, ஓர் உயிரைப் புரிந்துகொள்ளப் படிக்கப் போகிறவர்கள் பட்டத்தின் நீளத்தைப் பார்க்காமல், அந்த உயிர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும்.